ஆட்டுப்பாலும் தேனும் இல்லாத சோப்பு

ஆனைமலை,
ஐப்பசி 5

அன்புள்ள மீனா,

சித்திரையில் வந்த உன் கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். திட்டாதே. நீ கேட்டது கைக்கு வராமல் எழுத மனசு வரவில்லை. "போன தடவை கொடுத்த சோப்பே பாப்பாவின் வறண்ட தோலுக்கு வேண்டும், ஆனால் அவள் இப்போது வீகன், ஆட்டுப்பாலும் தேனும் ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்தச் சோப்பைப் பற்றி நான் பீற்றிக்கொண்டதே அந்த இரண்டையும் வைத்துத்தான்! நனிசைவம் என்று இதற்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறதாம், என் மருமகள் சொன்னாள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. சோப்புதான் ஆறு மாதம் படுத்திவிட்டது.

இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு மழை வந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. குரல் மட்டும் இன்னும் தோப்பு வரை கேட்கிறது. தென்னைதான் சுகமில்லை. வெள்ளை ஈ போவதும் வருவதுமாக இருக்கிறது, மட்டையெல்லாம் கரி பூசியது போல் கிடக்கிறது. காய்ப்பு குறைந்துவிட்டதால், சோப்புக்கென்று நான் எண்ணெய்த் தூக்கை எடுத்தாலே உன் அண்ணா முறைக்கிறார்.

பாப்பா கடைச் சோப்பை நம்பாததில் நியாயம் இருக்கிறது. உறையில் சோடியம் டாலோவேட் என்று இருந்தால் அது விலங்குக் கொழுப்பு. பச்சைப் புள்ளி இருந்தாலும் பாலும் தேனும் சைவக் கணக்கில்தான் வரும். ஸ்டியரிக் அமிலம், கிளிசரின் இரண்டும் செடியிலிருந்தும் எடுக்கலாம், கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சரி, வீட்டிலேயே செய்வோம் என்று இறங்கினேன்.

முன்பு உனக்குத் தந்தது, கோவையில் ஒரு நாள் வகுப்பில் எழுதிக்கொண்டு வந்த அளவு. ஏன் எதற்கு என்று தெரியாமல் அப்படியே செய்து வந்தேன். அளவை மாற்றியதும் மாட்டிக்கொண்டேன். முதலில் முழுக்கத் தேங்காய் எண்ணெய். அரை லிட்டர் அளந்து ஊற்றி, 500 கிராம் எண்ணெயைச் சோப்பாக்கும் அளவுக்குக் காஸ்டிக் சோடாவைப் போட்டேன். ஒன்றரை மாதம் உலர்ந்த பிறகும் கை எரிந்தது. என்ன தப்பு என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் சமையலறையில் கிடந்த எண்ணெய் பாக்கெட்டைப் பார்த்தேன். 1 லிட்டர், அதன் கீழே 910 கிராம். அரை லிட்டர் என்றால் 455 கிராம்தான்! தோலுக்கென்று காஸ்டிக்கில் நான் குறைத்திருந்ததெல்லாம் அந்த 45 கிராமில் காணாமல் போயிருந்தது. தராசு இல்லாமல் சோப்பு செய்யாதே, மீனா. தண்ணீரைக்கூட எடை போடு.

எடை போட்டு மறுபடி செய்தேன். எரிச்சல் போயிற்று, நுரை பால் பொங்குவது போல் வந்தது, ஆனால் குளித்து முடித்ததும் முழங்காலுக்குக் கீழே நகத்தால் கோடு போட்டால் வெள்ளையாய் விழுந்தது. தேங்காய் எண்ணெயில் பாதிக்குப் பக்கம் லாரிக் அமிலம். அது சோப்பானால் அழுக்கை வெளுத்து வாங்கும், தோலில் இருக்கும் எண்ணெயையும் விடாது. தேய்த்துக்கொள்ளத் தேங்காய் எண்ணெய் அமிர்தம். சோப்பில் அதன் குணமே வேறு.

அதற்கு நேர் எதிராக, முழுக்க ஆலிவ் எண்ணெயில் ஒன்று செய்தேன். பாலஸ்தீனத்தின் நாப்ளஸில் காலங்காலமாக ஆலிவ் எண்ணெயில்தானே சோப்பு காய்ச்சுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து எடுத்தால், தோலுக்கு இதம்தான், ஆனால் தண்ணீர் பட்டதும் வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று கையை விட்டு நழுவியது. இன்னும் பல மாதம் உலர விட்டால் சரியாகும் என்கிறார்கள். பாப்பாவுக்கு அவ்வளவு பொறுமை ஏது? நடுவில் சூரியகாந்தி எண்ணெயையும் விட்டுவைக்கவில்லை. புரட்டாசிக்குள் ஆரஞ்சுப் புள்ளி விழுந்து காறல் வாடை வந்துவிட்டது. இப்போது அதில் கால்மிதி துவைக்கிறோம்.

இவ்வளவு எண்ணெயைப் பாழாக்கிய பிறகு எனக்கு உறைத்தது இதுதான். சோப்பு தோலில் எதையும் சேர்க்காது, எடுக்கத்தான் செய்யும். வறண்ட தோலுக்குச் சோப்பு என்றால் குறைவாக எடுக்கிற சோப்பு, அவ்வளவுதான். பாதாம், கற்றாழை, குங்குமப்பூ என்று என்ன போட்டாலும் தண்ணீரோடு ஓடிப்போகும். எடுக்கிறதைக் குறைக்க இரண்டே வழி: தேங்காய் எண்ணெயை ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்துவது, காஸ்டிக்கைக் கொஞ்சம் குறைத்துப் போட்டு ஒரு பங்கு எண்ணெயைச் சோப்பாகாமலே விடுவது.

ஆவணியில் செய்ததுதான் தேறியது. ஆலிவ் எண்ணெய் 300 கிராம், தேங்காய் எண்ணெய் 100, ஷியா வெண்ணெய் 75, விளக்கெண்ணெய் 25. ஆக அரைக் கிலோ. வெண்ணெய் என்றதும் பாப்பா பதற வேண்டாம், ஷியா ஆப்பிரிக்க மரமொன்றின் கொட்டையில் எடுப்பது. கட்டி கெட்டியாக அதுதான் உதவும். விளக்கெண்ணெய் நுரையைப் பிடித்து வைக்கும்.

இனி காஸ்டிக் கணக்கு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் 0.183 கிராம் காஸ்டிக் சோடா கேட்கும், ஆலிவ் 0.135, ஷியாவும் விளக்கெண்ணெயும் 0.128. பெருக்கிக் கூட்டினால் 71.6 வரும். நான் 65தான் போடுகிறேன், நூற்றுக்கு ஒன்பது குறைவு. தண்ணீர் 150 கிராம், மருந்துக்கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர். வேறு எந்த எண்ணெய் மாற்றினாலும் இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும், கண்ணளவு உதவாது.

காஸ்டிக்கைத் தண்ணீரில் போடு, காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றாதே, சீறித் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். அலுமினியத்தைக் காஸ்டிக் அரித்துத் தின்றுவிடும். கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, திறந்த ஜன்னல். பேரன் பேத்தி அந்தப் பக்கமே வரக்கூடாது. தோலில் தெறித்தால் வினிகரைத் தேடி ஓடாதே, குழாயடியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவு. கலந்ததும் கொதிக்கக் கொதிக்கச் சூடேறும், ஒரு நெடியும் வரும். ஷியாவை மற்ற எண்ணெய்களோடு உருக்கி வை. இரண்டும் குளிக்கிற வெந்நீர்ச் சூட்டுக்கு ஆறியதும் காஸ்டிக் நீரை எண்ணெயில் மெல்ல ஊற்றி ஹேண்ட் பிளெண்டரை விட்டு விட்டு ஓட்டு. முதலில் மோர் மாதிரி இருக்கும். பிறகு பளபளப்பு போய்த் தோசை மாவு பதத்துக்கு வரும். பிளெண்டரைத் தூக்கிச் சொட்ட விட்டால், விழுந்த கோடு மேலே ஒரு கணம் நின்று பிறகு அமுங்க வேண்டும். அதுதான் பதம். பட்டர் பேப்பர் விரித்த டப்பாவில் ஊற்றி மூடித் துண்டு சுற்றி வை. மறுநாளோ அதற்கு மறுநாளோ, கெட்டிப்பட்டதும் கையுறை போட்டுக்கொண்டு துண்டு போடு. ஏழு கட்டி வரும்.

வாசனைக்கு நான் ஒன்றும் சேர்க்கவில்லை. வறண்ட தோலுக்கு வாசனை எண்ணெயே சில சமயம் வினை. ஆசைக்கு ஒரு முறை மஞ்சள் போட்டுப் பார்த்தேன், காஸ்டிக் பட்டதும் ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்துபோயிற்று! சுண்ணாம்பு சேர்ந்தால் மஞ்சள் சிவக்கும் என்று தெரிந்த நமக்கே இது தோன்றவில்லை பார்.

ஆறு வாரம் காற்றாட உலரட்டும். நான் மூங்கில் தட்டில் அடுக்கிப் பரண் மேல் வைத்திருந்தேன். யாரோ ஒரு நாள் தட்டைக் கீழே இறக்கி வைக்க, தேங்காய் பர்பி என்று நினைத்து அத்தை ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். நான் அலறிய அலறலில் கீழே போட்டார். இரண்டு நாள் பேசவில்லை. ஆறு வாரம் கழித்து, ஈரவிரலால் கட்டியைத் தேய்த்து நுனிநாக்கில் தொட்டுப் பார். பேட்டரி முனை பட்டது போல் சுரீர் என்றால் அது குளிக்க ஆகாது. வெறும் சோப்பு ருசி என்றால் சரி. அரைக் கிலோ எண்ணெயில் உண்டாகும் ஏறக்குறைய 50 கிராம் கிளிசரினும் கட்டிக்குள்ளேயே இருக்கும். பெரிய ஆலைகளில் அதைப் பெரும்பாலும் பிரித்து எடுத்துவிடுவார்கள்.

உன் வீட்டில் போர் தண்ணீர் அல்லவா? அதில் எந்தச் சோப்பும் தயிர் திரிந்தது போல் வெள்ளையாய்த் திரியும், அது தோலில் படிந்தால் அதுவே அரிக்கும். அடுத்த தடவை தண்ணீரில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 10 கிராம் கரைத்துவிட்டு, அது தின்னும் அளவுக்குக் காஸ்டிக்கை 6 கிராம் கூட்டி 71 ஆகப் போடப்போகிறேன். திரிவது குறையும் என்கிறார்கள். ஆனால் முடிந்த சோப்பில் எலுமிச்சை பிழிந்து காரத்தைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. சோப்பு என்றாலே கார அளவான பி.ஹெச். 9, 10 இருக்கும். குறைத்தால் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலமாகிவிடும்.

பாப்பாவிடம் சொல்: கொதிக்கிற வெந்நீர் வேண்டாம், சோப்பு அக்குளுக்கும் காலுக்கும் போதும், கை கால் முழுக்கத் தினமும் தேய்க்க வேண்டாம். துவட்டி ஈரம் காய்வதற்குள் நாலு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்ளட்டும். தோல் வெடித்து நீர் வடிகிறது என்றால் என் சோப்பை ஓரமாக வைத்துவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்.

இந்தக் கடிதத்தோடு மூன்று கட்டி அனுப்புகிறேன். மேலே சுற்றிய தாளில் செய்த தேதி எழுதியிருக்கிறது. இப்போதே குளிக்கலாம்தான், ஆனால் கார்த்திகை வரை விட்டால் இன்னும் நன்றாக இருக்கும். ஒன்றை நீ எடுத்துக்கொள். நாம் ஹாஸ்டலில் இருந்தபோது பனிக்காலம் வந்தால் உன் குதிகால்தான் முதலில் வெடிக்கும், மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. பாப்பா என்ன சொன்னாள் என்று உடனே எழுது. அப்புறம், போன வருஷம் இட்லிப்பொடி போட்டுக் கொடுத்த எவர்சில்வர் டப்பா உன்னிடம்தான் இருக்கிறது. அச்சுக்கு அந்த அளவுதான் சரியாக வரும், திருப்பி அனுப்பு.

உன்,
விஜி