இருபத்தோரு இலக்கத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

எங்கள் தெரு நூலகத்துக்கு வந்துபோகும் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசிப்பறையைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தீர்கள். பேப்பர் படிக்க வந்த பெரியவர்கள் முகம் சுளிக்காமல் திண்ணைக்கு நகர்ந்துகொண்டார்கள். முதல் நன்றி அவர்களுக்கு.

அன்று நாங்கள் கட்டி அழுத எண் இது: 147573952589676412927. அறுபத்தேழு 2-களைப் பெருக்கி, 1-ஐக் கழித்தால் வருவது. 1644-இல் பிரான்சின் மெர்சென் பாதிரியார் இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார். அப்படியல்ல என்று 1876-இல் கணித அறிஞர் எதுவார் லூக்கா நிறுவினார். ஆனால் எந்த எண்ணால் வகுபடும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. 1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில், அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்தார். பலகையின் ஒரு பக்கம் 2-இன் அடுக்கைக் கணக்கிட்டார். மறுபக்கம் 761838257287-ஐ 193707721-ஆல் பெருக்கினார். இரண்டும் ஒன்றாக வந்தன. வாயே திறக்காமல் போய் உட்கார்ந்தார், கூட்டம் கைதட்டியது என்று சொல்வார்கள்.

முப்பது வருஷம் வகுப்பில் இதை வாயால் சொல்லியே ஓட்டினேன். பிள்ளைகள் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இப்போதுதான் நிறைவேறியது.

பெரிய பலகைகள் இரண்டை இழைத்துக் கறுப்புப் பூசிக் கொடுத்த தச்சர் அண்ணனுக்கு நன்றி. ஒன்றில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 2-ஐ இரட்டித்துக்கொண்டே போனார்கள். இன்னொன்றில் எட்டாம் வகுப்பு பெருக்கியது. 193707721-இல் 7 மூன்று இடத்தில் வருகிறது. ஒரு தடவை 5332867801009 என்று போட்டு, மூன்று வரியிலும் தள்ளித் தள்ளி எழுதினால் போதும் என்று கண்டுபிடித்த பையனே, உனக்குத் தனி நன்றி.

மதியம் விடை ஒத்துப்போகவில்லை. பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. அப்போது ஒரு சிறுமி இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கினாள். இரண்டு காரணிகளுக்கும் 1 வருகிறது, பெருக்கலுக்கும் 1 வர வேண்டும், எங்கள் பலகையிலோ 5. ஒவ்வொரு வரியாகச் சோதித்து, 9-ஆல் பெருக்கிய வரியைப் பிடித்துவிட்டாள். "மனசுல 5" என்று சொல்லிவிட்டுக் கூட்டாமல் விட்டிருந்தார்கள். (இலக்கங்கள் இடம் மாறினால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்காக 11-ஆல் வகுத்த மீதியையும் பார்த்தோம்: 9, 8, பெருக்கினால் 72, மீதி 6. சரியாக இருந்தது.)

"எதால வகுபடும்னு தெரியாம, வகுபடும்னு மட்டும் எப்படி டீச்சர் தெரியும்?" என்று கேட்டவனுக்கும், அவனுக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்த கல்லூரித் தம்பிக்கும் நன்றி. லூக்காவின் வழியைப் பின்னாளில் லேமர் என்ற கணித அறிஞர் எளிமையாக்கினார்: 4-இல் தொடங்கு, வர்க்கப்படுத்து, 2 கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதி எடு. இதே போல 2-களைப் பெருக்கி 1 கழித்து வரும் 31-க்கு 4, 14, 8, 0. பூஜ்யத்தில் முடிந்தால் பகா எண். அதே வகையைச் சேர்ந்த 2047-க்கு ஒன்பது படி போய் 1736-இல் நின்றது. ஆகவே அது உடையும். 23 × 89 என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் தலைகாட்டவில்லை. பையன் கண்ணை விரித்ததை நான் மறக்க மாட்டேன்.

காசு வாங்காமல் சுக்குக் காப்பி அனுப்பிய டீக்கடை அண்ணாச்சிக்கும், மணி ஏழாகியும் விளக்கணைக்காத நூலகர் அம்மாவுக்கும் நன்றி.

தச்சர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. இரட்டித்த பலகையைத் துடைத்துத் தந்துவிடுகிறேன். பெருக்கிய பலகையை அழிக்கப் பிள்ளைகள் விடமாட்டேன் என்கிறார்கள். விலை சொல்லுங்கள், நானே வாங்கிக்கொள்கிறேன்.