பெறுபேறு வரும் வாரத்தில் ஒரு பாடவேளை தாருங்கள்

கொழும்பிலுள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும், தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். பயிலுனர் பயிற்சியை, அதாவது வேலைத்தளத்தில் வேலை செய்தபடியே தொழில் படிக்கும் வழியை, பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பாடவேளை கேட்டு இதை எழுதுகிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். அப்பா புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை. 1998இல் சாதாரண தரம் எழுதினேன். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் வெறும் எஸ், அதாவது சாதாரண சித்தி. பெறுபேறு பார்க்கப் போன அன்று ஆசிரியர் ஒருவர், "உனக்கு உயர்தரம் சரிவராது, எங்கேயாவது கடையில் போய் நில்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. வேறு வழி இருப்பதை அவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு அதைச் சொன்னவர் பக்கத்து வீட்டு மாமா. இரத்மலானை ரயில்வே வேலைத்தளத்தில் இயந்திரப் பாகங்களைப் பொருத்தும் ஃபிட்டராக இருந்தவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் நான் பயிலுனரானேன். இன்று ஒரு தொழிற்சாலையின் இயந்திரப் பராமரிப்புப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது.

முதல் சில மாதங்கள் கையில் அரம் மட்டும்தான். ஒரு இரும்புக் கட்டையைத் தந்து, ஆறு பக்கமும் சதுரமாக்கு என்பார்கள். ராவி முடித்து மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், இடையில் மயிரிழை போல ஒளி தெரியும். தெரிந்தால் மறுபடி ராவ வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும். ஆனால் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு எவ்வளவு என்பதை என் விரல்கள் அங்கேதான் படித்துக்கொண்டன.

அப்புறம் லேத், அதாவது கடைசல் இயந்திரம். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டை, 50 மில்லிமீட்டர் நீளத்துக்குள் 30 ஆகக் கூம்பிக் கடைய வேண்டும். கருவியை எத்தனை பாகை திருப்புவது? விட்ட வித்தியாசத்தில் பாதி ஐந்து. அதை ஐம்பதால் வகுத்தால் 0.1, தான்சன் அட்டவணையைப் பார்த்தால் 5 பாகை 43 கலை. வகுப்பில் எதிர்ப்பக்கம், அயற்பக்கம் என்று மனப்பாடம் செய்து மறந்துபோன திரிகோணகணிதம் அன்று சூடான இரும்புச் சுருளாக என் காலடியில் விழுந்தது. அதன் பிறகு கணிதம் எனக்குப் பயமாக இருக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கணிதம் வராத பிள்ளைகள் என்று நீங்கள் ஒதுக்கும் சிலருக்கு, கையில் பிடித்துப் பார்க்க ஒரு பொருள் கிடைத்தால் போதும்.

பயிலுனர் பயிற்சிக்கென இந்த நாட்டில் 1971இலேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது அந்தப் பொறுப்பு தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையிடம், அதாவது நைட்டாவிடம் இருக்கிறது. பொரளையைத் தாண்டினால் இராஜகிரியவில் அவர்களுடைய தலைமையகம். தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். அந்தப் பட்டத்தைப் படிக்க இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகமே இருக்கிறது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. பஞ்சிகாவத்தையில் பல வருடங்களாக எஞ்சின் கழற்றிப் பூட்டும் அண்ணன்மார்கூட, தெரிந்த வேலையைச் செய்துகாட்டித் தகைமை பெற வழி உண்டு. இதில் எத்தனை நம் பெற்றோருக்குத் தெரியும்?

தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து உயர்ந்தவர்களும் இருக்கிறார்கள். நோர்ட்டன் பிரிட்ஜில் ஒரு மின்நிலையத்துக்கு விமலசுரேந்திரவின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1918இலேயே இந்தத் தீவின் நீர்மின்சாரத்தைப் பற்றி ஆய்வுரை எழுதிய பொறியியலாளர். அவர் படித்த தொழில்நுட்பக் கல்லூரி மருதானையில் 1893இல் தொடங்கியது. நம் பிள்ளைகள் தினமும் பஸ்ஸில் அதைக் கடந்து போகிறார்கள்.

கஷ்டங்களையும் மறைக்கக் கூடாது. பயிற்சிக் காலக் கொடுப்பனவு சின்னது. வீட்டுக்குக் காசு தேவைப்படும் பிள்ளை பாதியில் விட்டுவிடும். மொழி இன்னொன்று. நான் பயின்ற இடத்தில் குறிப்புகள் எல்லாம் சிங்களத்தில்தான். கேட்டுப் புரிந்துகொள்வேன், எழுத வராது. என் பதிவுப் புத்தகத்தில் நான்கு மாத வேலை எழுதப்படாமலே கிடந்தது. அதனால் இறுதிச் சோதனைக்கு என் கூட்டாளிகளுக்குப் பிறகே போக முடிந்தது. தமிழும் அரச கரும மொழிதான். படிவத்தையும் சோதனையையும் தமிழில் கேளுங்கள். ஒரு பிள்ளை தனியாகப் போய்க் கேட்பதைவிட, அதிபரின் கடிதத்தோடு கேட்டால் கதவு சீக்கிரம் திறக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சாதாரண தரப் பெறுபேறு வரும் வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். தோற்ற பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டு இருத்தாதீர்கள். அப்படிச் செய்தால் இது தண்டனை வழி என்று ஆகிவிடும். நன்றாகச் சித்தியடைந்தவர்களும் இருக்கட்டும், பெண் பிள்ளைகளும் இருக்கட்டும், முடிந்தால் அம்மா அப்பாமாரும் வரட்டும். அலுவலகத்துக்கு வரும் பயிற்சி அறிவித்தல்களை லாச்சிக்குள் வைக்காமல், தமிழில் எழுதி வாசல் பலகையில் ஒட்டுங்கள்.

பேச ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். சனிக்கிழமை என்றால் லீவு எடுக்கவும் தேவையில்லை. முதன்முதலில் நான் சதுரமாக்கிய அந்த இரும்புக் கட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதையும் ஒரு மைக்ரோமீட்டரையும் கொண்டுவருவேன். ஒவ்வொரு பிள்ளையும் கையில் எடுத்து அளந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பழைய பயிலுனர்