சமணர் மலை ஏறுவோருக்கு நேரத்தையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் குடும்பத்துடன் சென்றுவரத் தக்க இடங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் வெளிவந்த கட்டுரையில் கீழக்குயில்குடி சமணர் மலையும் இடம்பெற்றிருந்தது மகிழ்ச்சி அளித்தது. நகரத்துக்கு இவ்வளவு அருகில் இருந்தும் மதுரைக்காரர்களிலேயே பலர் பார்த்திராத மலை அது. ஆனால் சிறிய மலை, எளிதாக ஏறிவிடலாம் என்பதோடு கட்டுரை நிறுத்திக்கொண்டது. எந்த நேரத்தில் ஏற வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அக்னி நட்சத்திர வெயிலில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு ஒரு குடும்பம் அந்த மலைக்குப் போகுமானால், அவர்களுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது அந்த நேரக் கணக்குத்தான் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மலையடிவாரத்தில் ஆலமரமும் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் இருப்பதால், வண்டியை விட்டு இறங்கும்போது எங்கும் குளிர்ச்சியாகவே தோன்றும். பேச்சிப்பள்ளம் என்னும் இடம் வரையில் பாறையில் வெட்டிய படிகள் உண்டு. அங்கே வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் எனப்படும் சமண அருளாளர்களின் சிற்பங்களையும், அவற்றின் கீழே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் பொறித்த பெயர்களையும் கண்டுவிட்டுப் பெரும்பாலானோர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. அதற்கு மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமணப் பள்ளி, அதாவது துறவியர் மடம், இருந்த இடத்தையும் உச்சியிலுள்ள விளக்குத் தூணையும் பார்க்க ஏறுகிறார்கள். ஏறத்தான் வேண்டும். ஆனால் படி முடிந்த இடத்திலிருந்து நிழல் என்பதே கிடையாது. கைப்பிடிக்க ஒரு செடிகூட இல்லாத செங்குத்தான மொட்டைப் பாறைச் சரிவு அது.

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளெல்லாம் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கடினமான உருமாறிய பாறைகள். இப்படிப்பட்ட பாறை காலை எட்டு மணியிலிருந்தே வெயிலை உள்வாங்கத் தொடங்கி, நண்பகலில் அதைச் சுற்றியுள்ள காற்றைவிட மிக அதிகமாகச் சூடேறி நிற்கும். வானிலை அறிக்கையில் 40 டிகிரி செல்சியஸ் என்று சொல்லப்படுவது நிழலில் அளந்த காற்றின் வெப்பமே தவிர, நாம் கால் வைக்கும் கல்லின் வெப்பம் அன்று. மேலிருந்து வெயிலும் கீழிருந்து கல்லின் அனலும் சேர்ந்து தாக்கும்போது, சமதரையில் ஒரு மணி நேரம் தாங்கும் உடல் அங்கே பத்து இருபது நிமிடங்களிலேயே தளர்ந்துவிடும். வெயில் தாழ்ந்தபின் ஏறலாமே என்று பலர் மாலை நான்கு மணிக்கு வருகிறார்கள். அதுவும் சரியான கணக்கு இல்லை. பகல் முழுவதும் வாங்கிய சூட்டைப் பாறை அப்போதுதான் வெளியே விடத் தொடங்குகிறது. இருட்டிய பிறகும் அதன்மேல் கை வைத்தால் வெதுவெதுப்பாகவே இருக்கும். இரவெல்லாம் ஆறி, அடுத்த வெயில் ஏறுவதற்கு முன் இருக்கும் விடியற்காலையே கோடையில் இம்மலைக்கு உகந்த நேரம். ஆறு மணிக்கு ஏறத் தொடங்கி எட்டு மணிக்குள் அடிவாரத்துக்கு வந்துவிடுவது நல்லது.

பாலைவனப் பகுதிகளில் இதை அனுபவத்தால் உணர்ந்து ஒழுங்கு செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகரத்துக்கு நடுவே கேமல்பேக் என்றொரு பாறைமலை உண்டு. அதன் எக்கோ கேன்யன் பாதை ஒரு வழிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் சுமார் 390 மீட்டர் உயரம் ஏற வேண்டும். தூரம் குறைவு என்று நம்பிப் போனவர்களை மீட்புப் படையினர் சுமந்து இறக்க வேண்டிய நிலை அடிக்கடி ஏற்பட்டதால், அதிவெப்ப எச்சரிக்கை விடப்படும் நாள்களில் பகல் நேரத்தில் அந்தப் பாதையை மூடும் வழக்கத்தை அந்நகர நிர்வாகம் 2021ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. அங்குள்ள வெயிலின் அளவு நம்முடையதைவிடக் கூடுதல் என்பது உண்மையே. ஆனால் அங்கே காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனுக்குடன் ஆவியாகி உடலைக் குளிரச் செய்யும். நம் ஊரில் புழுக்கம் மிகுந்த நாள்களில் வியர்வை உடம்பிலேயே வழிந்து நிற்கும். ஆகவே 38 டிகிரிதானே என்று நாம் அலட்சியமாக இருப்பதற்கு இடமில்லை.

வெப்பத்துக்கு அடுத்தபடியாக, பாறையின் மேற்பரப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் குன்றுகளின் மேல்தோல் வெங்காயத் தோல் உரிவதைப் போல ஏடு ஏடாகப் பெயரும் இயல்புடையது. சில இடங்களில் குதிகாலால் தட்டிப் பார்த்தால் உள்ளே கூடாக இருப்பதுபோல ஓசை கேட்கும். விளிம்பில் விரலை நுழைத்தால் இரண்டு விரற்கடை பருமனுள்ள பலகை அடியிலிருந்து விட்டிருப்பது தெரியும். அப்படிப்பட்ட ஏட்டின் ஓரத்தில் பாரத்தை வைக்கக் கூடாது. அந்த ஏடுகள் நொறுங்கி விழும் பொடிக்கல் சரிவெங்கும் கிடக்கிறது. ஏறும்போது கண்ணுக்குப் படாத அந்தப் பொடிதான் இறங்கும்போது காலை வாருகிறது. தேய்ந்த ரப்பர் செருப்போடு இறங்குவோரும், குதிகாலை முதலில் ஊன்றி விரைந்து இறங்குவோரும் அதில் வழுக்குவதைக் கண்டிருக்கிறேன். உள்ளங்கால் முழுவதும் பதியும்படி, முழங்காலைச் சற்று மடக்கி, நேர்ச்சரிவில் இறங்காமல் இடமும் வலமுமாகச் சாய்ந்து நடந்து வருவதே இவ்வூர் ஆடு மேய்ப்பவர்களின் வழக்கம். நகரத்துப் பிள்ளைகளுக்கு அதை ஒருமுறை நடந்து காட்டினால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

சிற்பங்களின் முன்னே காலணியைக் கழற்றுவது நம் மரபு. அது தொடர வேண்டும் என்பதே என் விருப்பமும். ஆனால் நண்பகலில் வரும் குழந்தைகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொதிக்கும் கல்லின்மேல் நிற்க முடியாமல் துள்ளுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. காலையில் வந்தால் அந்த மரியாதையைச் செலுத்துவதும் எளிது.

தண்ணீரைப் பற்றி: வெறும் தண்ணீர் மட்டும் போதாது. வியர்வையோடு உப்பும் போய்விடுவதால், ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து கலந்து கொண்டுபோவது நல்லது. உப்பிட்ட நீர்மோரும் உதவும். உடன் வருபவர் பேச்சுத் தடுமாறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத விடை சொன்னாலோ, உடல் நெருப்பாய்க் கொதித்தாலோ, அதைச் சாதாரண மயக்கம் என்று எண்ணக் கூடாது. அது உயிருக்கே ஆபத்தான வெப்பவாதம். 108க்கு அழைத்துவிட்டு, நிழலுக்குக் கொண்டுவந்து, வாயில் நீரைப் புகட்டாமல் உடல் முழுவதும் நீரூற்றி விசிற வேண்டும். அந்தச் சரிவிலிருந்து ஓர் ஆளைத் தூக்கி இறக்குவது எத்தனை கடினம் என்பதை இடத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஆபத்து உண்டு என்று எழுதினால், உடனே கம்பித் தடுப்பும் சிமெண்ட் படியும் கட்ட வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கோரிக்கையை நான் மனமார எதிர்க்கிறேன். இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் இத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிய கட்டுமானம் எழுப்பத் தடை விதித்திருக்கின்றன. சட்டத்தை விடுங்கள், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமண மடத்தைச் சேர்ந்த துறவிகளின் பெயர்களைத் தாங்கிய பாறையில் துளைபோட்டுக் கம்பி நடுவதை எப்படிப் பொறுப்பது? இப்போதே காதலர் பெயர்களும் கட்சிப் பெயர்களும் கீறப்பட்டுச் சில பாறைகள் அலங்கோலமாகக் கிடக்கின்றன. மலையை மாற்றாமல் ஏறும் வேளையை மாற்றிக்கொள்வதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இது இந்த ஒரு மலைக்கு மட்டும் உரிய செய்தியும் அன்று. மதுரையைச் சுற்றியுள்ள யானைமலை, மாங்குளம், கீழவளவு ஆகிய பாறைக் குன்றுகளுக்கும் இப்போது கூட்டம் பெருகிவருகிறது. 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்ட பின் அங்கும் வெளியூரிலிருந்து பலர் வருகிறார்கள். அங்கே வல்லூறுகளும் கழுகுகளும் பாறை முகடுகளில் வாழ்கின்றன. இத்தகைய பாறைகளின் விளிம்புக்கு அடியில் மலைத்தேனீயும் கூடு கட்டும். சத்தமிட்டுக்கொண்டும் புகைத்துக்கொண்டும் ஏறுவோர் அத்தேனீக்களின் கோபத்துக்கு ஆளானால், ஓடித் தப்புவதற்குச் சரிவில் வழி இராது.

என் வேண்டுகோள்கள் மிகச் சிறியவை. அடிவாரத்தில், ஆலமரத்துப் பக்கமாக, தெளிவான தமிழில் ஒரு பலகை வேண்டும். பங்குனி முதல் ஆனி வரை காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மேலே ஏற வேண்டாம் என்றும், ஆளுக்கு ஒரு லிட்டர் நீராவது கையில் இருக்க வேண்டும் என்றும் அதில் எழுதினால் போதும். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து விடியற்காலையில், குறைந்தது ஞாயிற்றுக்கிழமைகளிலாவது, மலையடிவாரம் வரை ஒரு பேருந்து விட்டால் சொந்த வண்டி இல்லாதவர்களும் உரிய நேரத்துக்கு வந்து சேர்வார்கள். முதலுதவி கற்ற கீழக்குயில்குடி இளைஞர் இருவரை விடுமுறை நாள்களில் ஊதியத்துடன் அங்கே நிறுத்தலாம். அந்தப் பாறையை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் வேறு யாரும் இல்லை.

பள்ளிகளுக்கும் ஒரு சொல். மாசி, பங்குனியில் சுற்றுலா அழைத்துவரும் ஆசிரியர்கள் காலையில் மீனாட்சியம்மன் கோயில், பிறகு திருமலை நாயக்கர் மகால் என்று முடித்துவிட்டு, பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து இறக்குகிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட்டு, முதலில் மலை, வெயில் ஏறியதும் கோயில் மண்டபமும் மகாலும் என்று வைத்துக்கொண்டால், அதே பேருந்தில் அதே ஒரு நாளில் மூன்றையும் பிள்ளைகள் நிம்மதியாகப் பார்த்துவிடலாம். தங்கள் நாளிதழும் இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, செல்லும் வழியைக் குறிப்பிடும் அதே கட்டத்துக்குள் ஏற வேண்டிய நேரத்தையும் சேர்த்து அச்சிடும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.