பாறசாலை அத்தானுக்கு

அன்புள்ள அத்தான்,

கிறிஸ்துமஸுக்கு நீங்களும் அக்காவும் வந்திருந்தபோது பாதியில் நின்ற பேச்சு இது. மரச்சீனியும் மீன்குழம்பும் ஆறுகிறதென்று அம்மா சத்தம் போட, எழுந்துவிட்டோம். மிச்சத்தை ஊரறியவே எழுதிவிடுகிறேன்.

ஜெயித்து வந்த அரசு தேர்தல் சட்டத்தைத் திருத்தினால் ஆளுநர் என்ன குறுக்கே நிற்பது என்று கேட்டீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் உங்கள் ஊர்க் கதையையே எடுங்கள்.

2020 ஜனவரியில் உள்ளாட்சி வார்டுகளைக் கூட்ட கேரள அரசு அவசரச் சட்டம் அனுப்பியது. அப்போதைய ஆளுநர் ஆரிப் முகமது கான் கையெழுத்துப் போடவில்லை. சட்டமன்றமே கூடப்போகிறது, அங்கே கொண்டு போங்கள் என்றார். இதில் என்ன தப்பு? அவசரச் சட்டம் என்பதே சபை கூடாத நாளுக்கு உள்ளது. பிப்ரவரியில் மசோதாவாக நிறைவேற்றினார்கள், அவரும் ஒப்புதல் தந்தார். (அப்புறம் கொரோனா வந்து, அந்த டிசம்பரில் பழைய வார்டிலேயே ஓட்டுப் போட்டீர்கள்.)

2024 மே மாதம் மறுபடி அதே அவசரச் சட்டம். மக்களவைத் தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கிறது, தேர்தல் ஆணையத்தைக் கேளுங்கள் என்று திருப்பி அனுப்பினார். கேரளம் ஓட்டுப் போட்டு முடித்து ஒரு மாதம் ஆகப்போகிற நேரம். இது இழுத்துப் பிடித்த காரணம், இதில் உங்கள் பக்கம்தான் நானும். ஆனாலும் காரணம் சொன்னார், காகிதமும் திரும்பி வந்தது. ஜூனில் சபையில் நிறைவேறி, அதுவும் சட்டமானது.

எங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் 10 மசோதாக்கள் ஆளுநரிடம் கிடந்த கிடப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது உங்களுக்குத் தெரியும். அந்த ஆளுநருக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை.

என் ஆதங்கம் வேறே. எங்கள் ஊராட்சி மெம்பர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. குமரி மாவட்டத்தின் 95 ஊராட்சிகளும் தனி அலுவலர் கைக்குப் போயின. ஐந்து வருஷத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியலமைப்பில் 243இ பிரிவு இருக்கிறது. நாங்கள்தான் வார்டு மறுவரையறை, வழக்கு என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊரில் அத்தனை சண்டைக்கு நடுவிலும் 2025 டிசம்பர் 9-ல் பூத் திறந்தார்கள். இங்கே யாரும் எதையும் மறுக்கவில்லை. தேர்தலும் இல்லை.

முன்பெல்லாம் மெம்பரக்கா வீட்டு முற்றத்தில், ரப்பர் ஷீட் காயும் கொடிக்குக் கீழே குனிந்து போய், "தோட்டுப் பக்கத்து லைட் எரியலக்கா" என்றால் போதும். மறுநாளே ஏணியோடு ஆள் வந்துவிடுவான். போன மாதமும் பழக்கதோஷத்தில் போனேன். "மக்கா, நான் இப்போ மெம்பர் இல்லியே" என்று சிரித்தார். ஆபீஸுக்குப் போனால், "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது உங்கள் இடது கை விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மை இன்னும் போயிருக்கவில்லை.

சரி, அடுத்த மாதம் அக்காவோடு வரும்போது டார்ச் எடுத்து வாருங்கள். தோட்டுப் பக்கம் இன்னும் இருட்டுதான்.

அன்புடன்,
களியக்காவிளைக்குப் பக்கத்து ஊராட்சியிலிருந்து உங்கள் மைத்துனன்