ராத்திரி ஒன்றரை மணிக்கு ஸ்டேஷனில் யார் இருக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் தனியார் எஃப்.எம். பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கடைசிப் பத்தி வரைக்கும். அமெரிக்காவில் ஒரே கம்பெனி நூற்றுக்கணக்கான ரேடியோ ஸ்டேஷன்களை நடத்துகிறது, இந்தியாவிலும் ஒருவர் எத்தனை ஸ்டேஷன் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்புகளை எடுத்துவிட்டால் ரேடியோ பிழைத்துக்கொள்ளும் என்று முடித்திருந்தார்கள். நான் அந்தக் கம்பெனி பிறந்த ஊரில், டெக்சாஸின் சான் அன்டோனியோவில், பதினாறு வருஷமாகக் குடியிருக்கிறேன். வேலைக்குப் போக வர தினமும் ஒன்றரை மணி நேரம் காரில் ரேடியோதான் துணை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கம்பெனிக்கு இன்றைக்கு ஐஹார்ட்மீடியா என்று பெயர். 2014 வரைக்கும் கிளியர் சேனல். லௌரி மேஸ் முதலீட்டு வங்கியில் இருந்தவர், ரெட் மெக்கோம்ஸ் கார் வியாபாரி. இருவரும் சேர்ந்து 1972-ல் இங்கே ஒரு எஃப்.எம். ஸ்டேஷன் வாங்கினார்கள், 1975-ல் டபிள்யூ.ஓ.ஏ.ஐ. என்ற பழைய ஏ.எம். ஸ்டேஷனையும் வாங்கினார்கள். கம்பெனிக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான். ஏ.எம். சிக்னல் இரவில் வெகுதூரம் போகும், ஒன்றின்மேல் ஒன்று மோதும். அதனால் சில அலைவரிசைகளை ராத்திரி நேரத்தில் வேறு யாரும் குறுக்கிடாதபடி பெரிய ஸ்டேஷன்களுக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த அலைவரிசைக்குத்தான் 'கிளியர் சேனல்' என்று பெயர். நட்டநடு ராத்திரியில் எங்கோ பண்ணை வீட்டில் விழித்திருக்கிறவனுக்கும் குரல் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகப் போட்ட ஏற்பாடு அது. பெயரை எடுத்துக்கொண்டார்கள், சரி.

1996 வரைக்கும் அமெரிக்காவிலும் வரம்பு இருந்தது. ஒரு கம்பெனி நாடு முழுக்க 20 ஏ.எம்., 20 எஃப்.எம்., அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அந்த வருஷம் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் அந்தத் தேசிய வரம்பை ஒரேயடியாக எடுத்துவிட்டது. அடுத்த நாலைந்து வருஷத்தில் கிளியர் சேனல் வாங்கித் தள்ளியதில் கணக்கு ஏறக்குறைய 1,200 ஸ்டேஷன்களுக்குப் போனது. இவ்வளவு ஸ்டேஷனுக்கும் ஆள் போட்டால் கட்டுப்படியாகுமா? அதற்கு வாய்ஸ் டிராக்கிங் இருந்தது. ஒரு ஆர்.ஜே. எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்து பேச வேண்டிய துண்டுகளை மட்டும் பதிவு செய்வார், பாட்டையும் விளம்பரத்தையும் கம்ப்யூட்டர் நடுவில் செருகிக்கொள்ளும், நாலு மணி நேர நிகழ்ச்சி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதே ஆள் அப்படியே இன்னும் நாலைந்து ஊருக்கும் பேசுவார், உங்கள் ஊர்க் கடைத்தெருவின் பெயரைச் சொல்லி, நேற்றுதான் அங்கே நடந்து போனவர் மாதிரி. கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. எனக்கும் ரொம்ப நாள் தெரியவில்லை.

எப்போது தெரியும் என்றால், ஏதாவது நடக்கும்போது. 2002 ஜனவரி 18, வடக்கு டகோட்டாவில் மைனாட் என்ற ஊர். ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல் சரக்கு ரயில் தடம் புரண்டு அமோனியா வாயு ஊருக்குள் பரவியது. கொட்டுகிற குளிர், இருட்டு, வெளியே வரலாமா கூடாதா என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. ரேடியோவைத் திருப்பினால் பாட்டு ஓடுகிறது. அந்த ஊரின் வர்த்தக ஸ்டேஷன்கள் ஆறும் இந்த ஒரே கம்பெனியிடம் இருந்தன, போலீஸ் ஃபோன் போட்டும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. ஒருவர் இறந்தார், நிறையப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கட்டுரையாளர் இதை 'ஆளில்லாத ஸ்டேஷன்' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார், அது முழுசாகச் சரியில்லை. ஸ்டேஷனில் ஆள் இருந்தார், ஊரே ஃபோன் செய்ததில் லைன் அடைத்துக்கொண்டது, அவசர அறிவிப்புக் கருவியைப் போலீஸார் சரியாக இயக்கவில்லை என்பது கம்பெனியின் பதில். இருக்கட்டும். ஆறு ஸ்டேஷன் ஆறு பேரிடம் இருந்திருந்தால் ஒருவராவது ஃபோனை எடுத்திருப்பாரே என்பதற்கு அதில் பதில் இல்லை.

எனக்கே நேர்ந்ததைச் சொல்கிறேன். 2021 பிப்ரவரியில் டெக்சாஸே உறைந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டில் கரன்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, ஃபோனில் சார்ஜ் கடைசிக் கோட்டில் நிற்கிறது. வாசலில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து உள்ளே உட்கார்ந்து, கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டேஷனாகத் திருப்பினேன். ஒன்றில் ஒரு பெண் குரல், சனிக்கிழமை வெயில் அடிக்கப் போகிறது, வெளியே கிளம்புங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறது. என்றைக்கோ பதிவு செய்தது. எந்த ஸ்டேஷன், யாருடையது என்றெல்லாம் அன்றைக்கு நான் பார்க்கவில்லை, குறை சொல்வதற்காக இப்போது தேடவும் போவதில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் ஏ.எம். பக்கம் திருப்பினேன். ஒருவர் தொண்டை கட்டிய குரலில், எந்தப் பக்கம் தண்ணீர் கிடைக்கிறது என்று நேயர்கள் சொல்லச் சொல்லப் படித்துக்கொண்டிருந்தார். பெட்ரோல் தீர்ந்துவிடுமோ என்று பயம் வரும் வரைக்கும் அவரைக் கேட்டேன்.

வரம்பை எடுத்ததால் ரேடியோ பிழைத்ததா என்றால், அதுவும் இல்லை. 2008-ல் பெய்ன் கேப்பிடல், தாமஸ் எச். லீ என்ற இரண்டு முதலீட்டு நிறுவனங்கள் கடன் வாங்கி இந்தக் கம்பெனியை வாங்கின. கடனை வாங்கியவர்கள் தலையில் அல்ல, கம்பெனியின் தலையில் கட்டினார்கள், சுமார் 2,000 கோடி டாலர். அதே வருஷம் பொருளாதாரம் சரிந்தது. விளம்பர வருமானம் வட்டிக்கே போனது, 2018 மார்ச்சில் திவால் மனு, 2019-ல் கடனில் பெரும்பகுதியைக் கழித்துக்கொண்டு வெளியே வந்தார்கள், 2020 ஜனவரியில் ஊர் ஊராக ஆட்குறைப்பு. ஸ்பாட்டிஃபை வந்து ரேடியோவைக் கொன்றது என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அதில் பாதிதான் சம்மதம். இன்றைக்கும் 850-க்கு மேல் ஸ்டேஷன் வைத்திருக்கிறார்கள், பாட்காஸ்ட்டில் கொடிகட்டிப் பறக்கிறார்கள். கம்பெனி பிழைத்துவிட்டது.

இந்தியாவில் ஒரே நிறுவனம் நாட்டின் தனியார் எஃப்.எம். ஸ்டேஷன்களில் 15 சதவீதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று இருந்ததை 2022-லேயே எடுத்துவிட்டார்கள். கட்டுரையில் அது இல்லை. மிச்சம் இருப்பது ஒரே ஊரில் 40 சதவீதத்துக்கு மேல் ஒருவர் கையில் போகக் கூடாது என்ற விதி. அதையும் தளர்த்தச் சொல்கிறவர்கள் மைனாட்டை ஒரு தடவை படித்துவிட்டுச் சொல்லட்டும்.

எங்கள் சொந்த ஊர் ஏரல் பக்கம். 2023 டிசம்பரில் அந்த மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் சிக்கி நின்றபோது, இரண்டு நாள் அக்காவிடம் பேச முடியவில்லை. டவர் இல்லை, கரன்ட் இல்லை. தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது, ஆனால் வெள்ளம், புயல் என்றால் மாவட்ட நிர்வாகம் தரும் தகவலைச் சொல்ல அனுமதி இருக்கிறது. சொல்வதற்கு அந்த நேரத்தில் மைக் முன்னால் ஒரு ஆள் வேண்டும். உங்கள் நிருபர் அடுத்த முறை எஃப்.எம். அதிபர்களைப் பேட்டி எடுக்கப் போகும்போது, தூத்துக்குடியிலோ நெல்லையிலோ ராத்திரி ஒன்றரை மணிக்கு உங்கள் ஸ்டேஷனில் யார் இருப்பார் என்று கேட்டு, அந்தப் பதிலையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
சான் அன்டோனியோ, டெக்சாஸ்