துப்பாக்கிக் குழலும் வடிவ நினைவு உலோகமும்: பினாங்கின் பொறியியல் விரிவுரையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய விரிவுரையாளர்களே,

வணக்கம். உருமாற்றினாலும் சூடேறியதும் பழைய வடிவத்துக்கே திரும்பும் வடிவ நினைவு உலோகக்கலவையைக் கொண்டு துப்பாக்கிக் குழல் அமைக்க முடியுமா என்ற கேள்வியோடு இறுதியாண்டு மாணவர் ஒருவர் உங்கள் அறைக்கு வந்தால், தலைப்பில் துப்பாக்கி இருக்கிறது என்பதற்காகவே அதைத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். பாயான் லெப்பாஸில் மருத்துவக் கருவிகளுக்கான, அத்தகைய கலவையான நிட்டினால் கம்பிகளோடு அன்றாடம் புழங்குபவன் நான். பொருளறிவியலையும் இயந்திரப் பொறியியலையும் ஒருசேர எடைபோட வைக்கும் இப்படியொரு கேள்வி எளிதில் வாய்ப்பதில்லை.

முதலில் குழலின் சிக்கலைப் பார்ப்போம். சுடும் நொடியில் ஒரு ரைபிள் குழலுக்குள் வாயு அழுத்தம் 300 மெகாபாஸ்கலைத் தாண்டுகிறது. அந்த அழுத்தத்தின் சுமையைச் சுவர் முழுவதும் சமமாகப் பகிர்ந்துகொள்வதில்லை. உட்பக்கம் கடுமையாக இழுபட, வெளிப்பக்கம் அதில் ஒரு பங்கை மட்டுமே ஏற்கிறது. சுவரை மேலும் தடிப்பாக்கினாலும் இந்த ஏற்றத்தாழ்வு தீராது என்பதைத் தடித்த உருளைகளுக்கான லாமேயின் சமன்பாடுகளைப் படித்த எவரும் அறிவர். நம் கோர்ன்வாலிஸ் கோட்டையில் இருக்கும், 1603ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட டச்சு வெண்கலப் பீரங்கியான செரி ரம்பாய், வார்த்தெடுத்த ஒரே உலோகத் திரட்சி. அந்தக் காலத்துக் கருமருந்துக்கு அது போதுமானதாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் போன்றவர்கள் வேறு வழிக்குப் போனார்கள்: சூடேற்றி விரித்த வளையத்தை உட்குழலின் மேல் ஏற்றிக் குளிரவிட, வளையம் சுருங்கி உட்குழலை முன்கூட்டியே நெருக்கியது. வெடியழுத்தம் அந்த நெருக்கத்தைத் தீர்த்த பிறகே உட்சுவரை இழுக்கத் தொடங்கும்.

மாணவரின் யோசனைக்கு இடம் இருப்பது இந்த வளையத்தில்தான். எஃகு வளையத்தை 300 பாகை சூடேற்றினாலும் அது ஆயிரத்தில் நான்கு பங்குகூட விரிவதில்லை. ஆகவே 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில் கையில் கிடைக்கும் இடைவெளி 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. கடைசல் அதற்கேற்பத் துல்லியமாக இருந்தாக வேண்டும். நிக்கலும் டைட்டானியமும் ஏறத்தாழச் சம அணுக்களாகச் சேர்ந்த நிட்டினாலில், தகுந்த கலவையைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்து நூற்றுக்கு ஆறு பங்கு விரிக்கலாம். அறை வெப்பத்துக்கு வரும்போது அது பழைய அளவுக்குத் திரும்ப முயன்று, குறுக்கே இருக்கும் குழாயை இறுக்கிப் பிடிக்கும். அமெரிக்காவின் எஃப்-14 போர் விமானத்தில் நீரியல் அழுத்தக் குழாய்களை இணைத்தவை இப்படிப்பட்ட வளையங்களே. அந்தக் கலவையின் இந்தப் பண்பு வெளிப்பட்டதும் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்கக் கடற்படையின் படைக்கல ஆய்வுக்கூடத்தில், ஏவுகணை முனைக்கு உலோகம் தேடிய வில்லியம் பியூலரின் ஆய்வின் வழியாகத்தான். அதே உலோகத்தில் இன்று இரத்தக் குழாயை விரித்துத் தாங்கும் ஸ்டென்ட் செய்கிறார்கள்.

ஆனால் குழலின் உட்புறத்துக்கு இது அறவே ஆகாது. நிட்டினால் ஏறத்தாழ 1310 பாகை செல்சியஸில் உருகிவிடும். எஃகின் உருகுநிலை அதைவிட உயர்ந்தது. வெடிமருந்து எரிந்து எழும் வாயுவின் வெப்பமோ இரண்டையும் விஞ்சியது, டைட்டானியம் சூட்டில் ஆக்சிஜனோடும் நைட்ரஜனோடும் எளிதில் வினைபுரியும். குரோமியம் பூசிய எஃகு செய்யும் வேலையை இதனிடம் எதிர்பார்ப்பது வீண்.

வெளி வளையத்திலும் கவனமாக ஆராய வேண்டியவை உண்டு. எங்கள் பட்டறையில் கம்பியை அச்சில் பூட்டி 500 பாகையை ஒட்டிய சூட்டில் சில நிமிடம் வைத்தெடுத்தால், வைக்கோல் நிறமோ நீலமோ படர்ந்து வெளிவரும். அதை நேராக நீட்டி வெந்நீரில் இட்டதும் விரலை உந்திக்கொண்டு சுருளுக்குத் திரும்புவதைப் பார்க்க எனக்கு இன்றும் சலிக்கவில்லை. சூட்டிலோ நேரத்திலோ சிறிது பிசகினாலும் அது திரும்பும் வெப்பநிலை நகர்ந்துவிடும். தொடர்ந்து சுடப்படும் குழலின் வெளிப்புறமே சில நூறு பாகைக்கு ஏறும் என்பதால், நாங்கள் உலையில் வேண்டுமென்று செய்வதை அந்த வளையத்துக்குத் துப்பாக்கி தானாகவே செய்துவிடக்கூடும். அப்போது இறுக்கம் படிப்படியாகத் தளரும். மறுபுறம், கலவையைத் தவறாகத் தேர்ந்தால் குளிரில் அது எளிதில் நெளியும் மார்ட்டென்சைட் நிலைக்கு மாறிப் பிடியை விட்டுவிடும். மேலும் நிட்டினாலின் மீள்தன்மைக் குணகம், அதாவது அதன் விறைப்பின் அளவு, எஃகினுடையதில் பாதிகூட இல்லை. இந்தக் காரணங்களால், இரும்பு, மாங்கனீசு, சிலிக்கன் சேர்ந்த நினைவுக் கலவையையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி மாணவரிடம் சொல்லுங்கள். அது திரும்பும் அளவு குறைவுதான், ஆயினும் விலை மலிவு, விறைப்பு எஃகுக்கு நெருக்கம், கான்கிரீட் கட்டுமானங்களை வலுப்படுத்தவும் அது பயன்படுகிறது.

துப்பாக்கி எதையும் செய்யாமலே இவ்வளவையும் சோதிக்கலாம். செய்யவும் கூடாது, உரிமமின்றி ஆயுதம் தயாரிப்பதை நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடைசெய்கிறது. தடித்த எஃகுக் குழாய் ஒன்று, அதன் மேல் ஒரு நினைவு வளையம், உள்ளே எண்ணெய் அழுத்தம் கொடுக்க ஒரு கைப்பம்பு, வெளியே குழாய் எவ்வளவு இழுபடுகிறது என்று காட்டும் திரிபு அளவிகள், சூடேற்ற ஓர் அடுப்பு ஆகியவை இருந்தால் போதும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிபோங் திபால் பொறியியல் வளாகத்தில் பொருளறிவியலும் இயந்திரவியலும் அருகருகே இருப்பதால், இரு துறையிலிருந்தும் தலா ஒரு விரிவுரையாளர் சேர்ந்து வழிநடத்தினால் மிக நன்று.

மதிப்பெண் குறித்தும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆய்வின் முடிவு ‘முடியாது’ என்று வந்தாலும், எந்த வெப்பநிலையில், எத்தனையாவது சூடேற்றலில், எத்தனை மெகாபாஸ்கல் இறுக்கம் குறைந்தது என்பதை மாணவர் தாமே அளந்து அட்டவணையிட்டுக் காட்டியிருந்தால், வெற்றிபெற்ற ஆய்வுக்குத் தரும் மதிப்பெண்ணைக் குறையாமல் அவருக்கும் வழங்குங்கள்.

இப்படிக்கு,
பாயான் லெப்பாஸ் உலோகவியல் பொறியாளர் ஒருவர்