சயாம் ரயில் போன வழியில் ஒரு நடை

அன்புள்ள மச்சான்,

முட்டிக்கு ஊசி போட்டதில் கொஞ்சம் தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இந்தக் கடிதம் முழுக்க நடையைப் பற்றித்தான், பொறாமைப்படாமல் படி. போன மாதம் ஒரு வேனில் அடங்குகிற அளவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு தாய்லாந்து போய் வந்தோம். காஞ்சனபுரியிலிருந்து வடமேற்கே 80 கிலோமீட்டர் போனால் ஹெல்ஃபயர் பாஸ். நம் தோட்டத்துப் பெருசுகள் 'சயாமுக்குப் போனவங்க' என்று குரலைத் தாழ்த்திப் பேசுவார்களே, அந்த ரயில் பாதைதான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட பாதை.

காஞ்சனபுரியிலிருந்து நாம் டோக் வரைக்கும் இன்றும் ரயில் ஓடுகிறது. அதற்கு மேலே போர் முடிந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள், காடு மூடிக்கொண்டது. பிறகு காட்டை வெட்டி அந்தப் பழைய பாதையிலேயே நடக்க வழி செய்திருக்கிறார்கள், சுமார் 4 கிலோமீட்டர். காலுக்குக் கீழே அந்தக் காலத்து ஜல்லி அப்படியே கிடக்கிறது, கூர் மழுங்கவே இல்லை, மெல்லிய செருப்பு போட்டு வந்த ஒருத்தர் பாதியிலேயே முனக ஆரம்பித்துவிட்டார். இரண்டு பக்கமும் மூங்கில், நடுவில் திடீரென்று பாறை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. அதுதான் கொன்யூ வெட்டு, ஹெல்ஃபயர் பாஸ் என்று சொல்கிற இடம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது.

அந்தப் பாறையில் பெரும்பகுதி கையால் வெட்டியதுதான் மச்சான். ஒருவன் இரும்பு உளியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொருவன் சம்மட்டியால் அடிக்க வேண்டும், துளை ஆழமானதும் வெடிமருந்து வைத்துத் தகர்த்து, சிதறிய கல்லைக் கூடையில் அள்ளிக் கொட்ட வேண்டும். உடைந்துபோன உளி ஒன்றின் துண்டு இன்னும் பாறைக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறது, கையால் தொட்டுப் பார்த்தேன். கடல் வழியாகப் பர்மாவுக்குச் சாமான் அனுப்பினால் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் மூழ்கடித்தன, அதனால்தான் ஜப்பான்காரனுக்கு அவ்வளவு அவசரம். 1943-ல் வேலையை முடுக்கிவிட்டு ராத்திரியிலும் தீப்பந்தம் கொளுத்தி வேலை வாங்கினான். அந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக ஆட்கள் அசைவதைப் பார்த்துத்தான் ஹெல்ஃபயர், அதாவது நரக நெருப்பு என்று அங்கே வேலை செய்த போர்க் கைதிகள் பேர் வைத்தார்களாம். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்துவிட்டது.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு மனதில் நிற்கிறது. அங்கே உள்ள அரும்பொருளகத்தில் மாட்டியிருக்கிற படங்கள், குறிப்புகள், ஒலிப்பதிவு எல்லாவற்றிலும் அதிகம் வருவது வெள்ளைக்காரக் கைதிகள்தான். அதில் எனக்குக் குறையில்லை, அவர்கள் நாட்டுக்காரர்கள் செலவு செய்து அவர்களை நினைவில் வைத்திருக்கிறார்கள். அறுபதாயிரத்துக்கு மேல் கைதிகள், அதில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செத்தார்கள். நம் பக்கத்துக் கதை என்ன? மலாயா, பர்மா, ஜாவா என்று கூட்டிப்போன ஆசியத் தொழிலாளிகள் 2 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்றும், இறந்தவர்கள் 90,000 பேர் இருக்கலாம் என்றும் கணக்குப் போடுகிறார்கள். இருக்கலாம், அவ்வளவுதான். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத்து ஆட்கள். ரப்பரை வாங்க ஆளில்லை, அரிசி இல்லை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம் என்றதை நம்பிச் சிலர் போனார்கள், மற்றவர்களை ஜப்பான்காரன் பிடித்து லாரியில் ஏற்றினான். பெண்டாட்டி பிள்ளையோடு போனவர்களும் உண்டு.

கைதிகளிடம் டாக்டர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று கண்டிப்பாகச் சொல்ல அதிகாரிகள் இருந்தார்கள், செத்தவன் பேர், புதைத்த இடம் எல்லாவற்றையும் ஒளித்து ஒளித்து எழுதிவைத்தார்கள். அந்தக் காகிதங்களை வைத்துத்தான் போருக்குப் பிறகு தேடிப் போய் எடுத்தார்கள், காஞ்சனபுரிக் கல்லறையில் இன்று கிட்டத்தட்ட 7,000 பேர் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள், புல் கூட அளந்து வெட்டியது போல. நம்மவர்களுக்கு எழுத யாரும் இல்லை. 1943 மழையில் காலரா வந்தபோது கூட்டம் கூட்டமாகக் குழியில் போட்டார்கள். அதே ஊரில் வாட் தாவோர்ன் என்ற கோவிலில் தோண்டி எடுத்த எலும்புகளை மொத்தமாக வைத்த ஒரு சமாதி இருக்கிறது, அங்கும் போனோம். எங்களோடு வந்த பையன் ஒருத்தன், கல்லூரி படிக்கிறவன், "யார் பேரும் இல்லையே அங்கிள்" என்றான். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்வது.

அப்புறம், உன் பாட்டியின் தம்பி ஒருத்தர் சயாமுக்குப் போய் வரவே இல்லை என்று நீ முன்பு சொல்லியிருக்கிறாய். அவர் பேர், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், கூட யார் போனார்கள் என்று உன் அத்தையிடம் கேட்டு எழுதி அனுப்பு. அவருக்கு ஞாபகம் நன்றாக இருக்கும்போதே கேட்டுவிடு, போனில் கேட்காதே, நேரில் போ. எங்கள் குழுவில் ஒரு நோட்டுப் போட்டு இப்படிக் கிடைக்கிற பேர்களை எழுத ஆரம்பித்திருக்கிறோம்.

முட்டி சரியானால் டிசம்பர், ஜனவரியில் உன்னையும் கூட்டிப்போகிறேன், ஏப்ரலில் வெயில் ஆளைக் கொன்றுவிடும். நல்ல தடித்த அடி உள்ள ஷூ வாங்கிவை. அரும்பொருளகத்திலிருந்து பாறைக்கு இறங்க நிறையப் படிகள் இருக்கின்றன, இப்போதே வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகு.

இப்படிக்கு
உன் மச்சான்